காலி வழியிற் சில குறுஞ்சொற்கள்

நீண்ட சொற்களால் மனிதர் ஏமாறுவது அரிது. பிறமொழியிலே பத்தெழுத்துச் சொல்லொன்று காதில் விழுந்தால், இது நாம் அறியாத சொல் என்று அக்கணமே ஒப்புக்கொண்டுவிடுகின்றோம். ஓரெழுத்தும் ஈரெழுத்துமான குறுஞ்சொற்களின் இயல்போ வேறு. நம் வீட்டாரைப் போல உடுத்திக்கொண்டு வந்து வாசலில் நிற்கும். நாமும் 'வாருங்கள்' என்று உள்ளே அழைத்து இருக்கை கொடுத்துவிடுவோம். வந்தவர் வேறு யாரோ என்பது பின்னரே தெரியவரும். இதனை நாம் நூல்களிற் படித்தறிந்ததிலும் பார்க்க, கொழும்பிலிருந்து காலிக்குச் சென்ற ஒருநாட் புகையிரதப் பயணத்திற் கேட்டறிந்தது அதிகம்.

சென்ற பாடசாலை விடுமுறையில் எம் இல்லாளும் ஏழு வயதுப் பேரனும் உடன்வர அப்பயணத்தை மேற்கொண்டோம். பேரனுக்குக் கோட்டை பார்க்க ஆசை. எம் இல்லாளுக்குக் கடல் பார்க்க ஆசை. எமக்கோ வீட்டிலிருந்து வெளிக்கிட ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

கொழும்புக் கோட்டை நிலையத்து மேடையிலே எமக்கு முன்னால் நின்ற இளைஞரொருவர் கைத்தொலைபேசியில் உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஹலோ, மம" என்று தொடங்கி, "ஹரி, ஹரி, ஹரி" என்று முடித்தார். பேரன் எம் கையைச் சுரண்டினான்.

"அப்பப்பா, இவர் மாமாவோடயா கதைக்கிறார்?"

மாமனோடு அல்ல. 'மம' என்பது சிங்களத்தில் 'நான்'. அதனையே 'மாமா' என்று நீட்டி ஒலித்தால் மாமனாகிவிடும். அதில் அம்மொழிக்கும் நம்மொழிக்கும் பேதமில்லை. வடமொழியில் 'மம' என்றால் 'என்னுடைய'. ஆங்கிலக் குழந்தைக்கு 'மாமா' என்பது தாய். கருங்கடலுக்குக் கிழக்கேயுள்ள ஜோர்ஜியா நாட்டவர்க்கோ அதுவே தகப்பன்! உலகத்துக் குழந்தைகள் எல்லாம் உதட்டைக் கூட்டித் திறந்து முதலில் எழுப்பும் ஒலி ஒன்றே. அதைத் தமக்குரியது என்று எடுத்துக்கொண்ட பெரியவர்கள் ஊருக்கு ஊர் வேறாயினர் போலும்.

'ஹரி' என்பதற்குச் சிங்களத்திலே நம்முடைய 'சரி'தான் பொருள். எம் பெரிய தாயார் ஒருவர் முதன்முறை கொழும்புக்கு வந்தபோது, அயல்வீட்டுக்காரர் நாள்முழுதும் ஹரிநாமம் செபிக்கும் பரமபக்தர் என்று நம்பி, துவாதசியன்று அவருக்குப் பாயசம் கொடுத்தனுப்பினார். அவரும் "ஹரி, ஹரி" என்றே அதை வாங்கிக்கொண்டார். பெரிய தாயாரின் நம்பிக்கை கடைசிவரை கலையவில்லை. கலைக்க நாமும் முயலவில்லை. அந்நாளிற் கொம்பனித்தெருவிலே எமக்கு மலாய் நண்பர்களும் இருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுடைய மொழியில் 'ஹரி' என்றால் நாள்; ஆதலாலேயே பெருநாள் 'ஹரி ராயா' ஆயிற்று. நாளின் கண் என்று பொருள்பட 'மாத்தஹரி' என்றால் சூரியன். ஜப்பானியரைக் கேட்டால் 'ஹரி' என்பது தையலூசி என்பர்.

அம்மலாய் மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு. 'அபி' என்று எழுதிப் பகரத்தை வல்லோசையாகவே ஒலித்தால், சிங்களத்தில் 'நாம்', மலாயில் 'நெருப்பு'. தெருவிலே பத்துப்பேர் கூடி 'நாம், நாம்' என்று கூவினால், மலாய்க் கிழவியொருத்தி வாளியிலே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவர நியாயமுண்டு.

தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியிலே கடல் வலப்பக்கத்தில் வரும். அப்பக்கத்து ஆசனங்கள் எமக்குக் கிடைத்தன. வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. ஒவ்வொரு பலகையிலும் மூன்று மொழிகளில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருந்தது. எம் பேரன் மூன்றையும் எழுத்துக்கூட்டி வாசித்து வந்தான். அவ்வெழுத்துக்களின் வரிசைக்காகவும் இருப்புக்காகவும் 1956ஆம் ஆண்டு தொடங்கி இந்நாடு கொடுத்த விலையை அவன் இன்னும் அறியான். அதனை அன்று அவனுக்குக் கூறவும் எமக்கு மனம் வரவில்லை.

களுத்துறையை அடைந்தபோது எமக்கொரு சிரிப்பு வந்தது. இவ்வூரின் பெயர் களு கங்கையினால் வந்தது; சிங்களத்தில் 'களு' என்றால் கறுப்பு. ஆயினும் தமிழ்க்காது அதைக் 'கள்' என்றே கேட்கும். கேட்டதும் முற்றிலும் பிழையாகாத விந்தை இவ்வூருக்கே உரியது. இங்குள்ள தென்னந்தோப்புக்களிலே மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அந்தரத்தில் நடந்து கள் இறக்குவோரை வண்டியிலிருந்தே காணலாம். அக்கள்ளைச் சிங்களத்தில் 'ரா' என்பர்.

இந்த 'ரா' ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒரு பொழுதைப் போக்கலாம். தமிழில் அது இரவு, ராப்பகல் என்கின்றோம். பழைய எகிப்தியர்க்கோ 'ரா' சூரியதேவன். நமக்கு இருட்டாயிருப்பது அவர்களுக்கு வெளிச்சத்தின் கடவுள். தெலுங்கரிடம் சென்று 'ரா' என்றால் 'வா' என்று பொருள். அழைத்தவன் வந்து முன்னே நிற்பான். வந்தவனைக் களுத்துறைத் தோப்புக்குக் கூட்டிச் சென்று, அங்கேயும் அதே சொல்லைச் சொன்னால், ஒரு முட்டி கள் கிடைக்கும். ஓரெழுத்தொருமொழி என்று நம் இலக்கணகாரர் பெயரிட்டு, அவற்றைத் தனியே எண்ணியும் வைத்தனர். அவ்வோரெழுத்து எல்லையைக் கடக்கும்போது என்னென்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கணக்கு முடிந்திராது.

களுத்துறையில் விற்பனையாளர் ஏறினர். "இஸ்ஸோ வடை, வடை!" 'இஸ்ஸோ' என்றால் இறால், வடை நம்முடையதுதான். கூடை சுமந்த இளைஞர் பேரனைப் பார்த்து, "மல்லி, வடை ஓனத?" என்று கேட்டார்.

'மல்லி' என்றதும் எம் இல்லாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு ஒரு பழங்கதை உண்டு. மணமுடித்து வெள்ளவத்தைக்கு வந்த புதிது. மளிகைக் கடைக்கு அவர் தனியே சென்றார். கடைக்காரர் உட்பக்கம் திரும்பி "மல்லி!" என்று கூவினார். "மல்லி வேண்டாம், சீரகம் மாத்திரம் போதும்" என்றார் இவர். கடைக்காரர் மறுபடியும் "மல்லி!" என்றார். இவர் மறுபடியும் வேண்டாம் என்றார். இவ்வாறு மூன்று முறை ஆனபின், உள்ளேயிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். சிங்களத்தில் 'மல்லி' என்றால் தம்பி. நாம் கசாயம் வைக்கும் மல்லியை அவர்களும் கொத்தமல்லி என்றே சொல்வதால், குழப்பம் இன்னும் ஒருபடி ஏறுகின்றது. தெலுங்கில் இச்சொல்லுக்கு 'மறுபடியும்' என்று பொருள் என்பதைப் பிற்காலத்தில் அறிந்து சொன்னபோது, எம் இல்லாள் அதை இரசிக்கவில்லை. ஆயினும் அன்று தொடங்கி அவர் சந்தையிலும் கடையிலும் கேட்டுக் கேட்டே சிங்களத்தைக் கற்றுக்கொண்டார். அலுவலகத்தில் முப்பது ஆண்டு இருந்தும் நாம் கற்றது அதில் அரைப்பங்கும் தேறாது.

அளுத்கமையில் ஒரு மூதாட்டி ஏறினார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பன்பை. பேரனை எம்மடியில் இருத்தி அவருக்கு இடம் கொடுத்தோம். "ஆச்சிக்கு வணக்கம் சொல்லு" என்றார் எம் இல்லாள். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. 'ஆச்சி' என்பது அவர் மொழியிலும் பாட்டிதான்.

பெந்தோட்டை கழிந்து அம்பலாங்கொடையை நெருங்குகையில் பாதை கடலை ஒட்டிச் செல்லலாயிற்று. நுரை தண்டவாளத்துக்கு அண்மையில் வந்து வந்து மீண்டது. பேரன் எழுந்து நின்று, சன்னற் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அல! அல! அங்க பாருங்கோ, பெரிய அல!" என்று துள்ளினான். அவன் கொழும்பிற் பிறந்தவன். நன்னூலார் ஐகாரத்தைக் குறுக்கினார். இவனோ அதை அறவே ஒழித்துவிட்டான். 'அலை' இவன் வாயில் 'அல' ஆகிவிடும்.

மூதாட்டி ஒரு கணம் அவனை நோக்கினார். பின் பன்பையை அவிழ்த்து, வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே அவித்த வத்தாளங்கிழங்குத் துண்டுகள். பெரிய துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து, "கன்ன, புதா" என்று நீட்டினார். வாங்கிக்கொள், மகனே.

பையன் விழித்தான். நாமும் விழித்தோம். எம் இல்லாளுக்கு மாத்திரம் விளங்கிற்று. சிங்களத்தில் 'அல' என்றால் கிழங்கு. தன் பையின் மணம் எட்டிக் குழந்தை பசியாற் கேட்கின்றது, அதுவும் தன் மொழியிலே கேட்கின்றது என்று அப்பெண்மணி எண்ணிவிட்டார். வாழையிலையில் இருந்தவை அவருடைய மதிய உணவு என்பதை நாம் பின்னரே அறிந்தோம்.

எம் இல்லாள் சிரித்துக்கொண்டே விளக்கினார்: அவன் கேட்டது கிழங்கன்று, கடலைக் காட்டினான், உங்கள் 'ரெல்ல' எங்களுக்கு 'அலை'.

மூதாட்டியும் முதலிற் சிரித்தார். பின்பு "ரெல்ல" என்று தமக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். கிழங்கை எடுத்த கை அப்படியே மடியில் இருந்தது. சற்று நேரம் கடலைப் பாராது எதிர்ப்பக்கத்துத் தென்னைகளையே பார்த்திருந்தார். "மகே மல்லி" என்றார். என் தம்பி.

எம் இல்லாளுக்கு இம்முறை அச்சொல்லில் மயக்கம் ஏற்படவில்லை.

அவர் தெல்வத்தையைச் சேர்ந்தவர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட வண்டி, தெல்வத்தைக்கும் ஹிக்கடுவைக்கும் இடையிலுள்ள பெரலியவில் நின்றுவிட்டது. முதலலை தணிந்தபோது, இரும்புப் பெட்டிகள் அசையமாட்டா என்று நம்பி, ஊரவர் பலரும் அவற்றில் ஏறினர். சிலர் வண்டியின் மறைவில் ஒதுங்கினர். தம்பியும் அயல்வீட்டுக் குழந்தைகள் இருவரை ஏற்றிவிட்டுத் தாமும் ஏறினாராம். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைத் தண்டவாளத்தினின்றும் புரட்டி எறிந்தது. அங்கு மாண்டோர் 1,000 பேருக்கும் மேல். உலகத்துப் புகையிரத அனர்த்தங்களில் அதனிலும் பெரியது வேறில்லை என்பர்.

மூதாட்டி இவற்றை மெல்லிய குரலிற் சொல்ல, எம் இல்லாள் வாக்கியத்துக்கு வாக்கியம் எமக்குத் தமிழாக்கினார். சில இடங்களில் அவர் தமிழாக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அவ்வலை இங்கு வருமுன் கிழக்குக் கரையைத் தொட்டிருந்தது. கல்முனையும் மட்டக்களப்பும் முல்லைத்தீவும் வடமராட்சியும் அந்நாளில் இழந்தவற்றை எம் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எம் இல்லாளின் ஒன்றுவிட்ட தமையனார் குடும்பம் முல்லைத்தீவில் இருந்தது. அதை அவர் மூதாட்டியிடம் சொன்னார் என்பதை, "முல்லைத்தீவு" என்ற ஒரு சொல்லைக் கேட்டே நாம் அறிந்துகொண்டோம். அதன்பின் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

அன்றைய காலைவரை இத்தீவில் மிகச் சிலரே கேட்டிருந்த சொல் 'சுனாமி'. ஜப்பானிய மொழியில் 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. அதே 'சு' வடமொழியிலே 'நல்ல' என்று பொருள்பட்டு எத்தனையோ மங்கலச் சொற்களின் முன்னே நிற்கின்றது. நம்மிடமும் சொல் இல்லாமலில்லை. தமிழிலே 'கடல்கோள்' என்ற சொல் பழைய உரைகளில் உண்டு. சிங்களவர்க்குக் களனி திஸ்ஸ மன்னன் காலத்துக் கடற்பெருக்கை மகாவம்சம் கூறுகின்றது. இருசாராரும் தத்தம் ஏடுகளில் அதை எழுதிவைத்துவிட்டு மறந்துபோயினர். கடல் பின்வாங்கியபோது அள்ளிய மீனோடு நின்றவர்களுக்கு எந்த ஏடும் நினைவுக்கு வரவில்லை. இன்று 'சுனாமி' என்பதற்குச் சிங்களம், தமிழ், மலாய், ஆங்கிலம் யாவற்றிலும் ஒரே பொருள்.

பெரலியவிலே ஜப்பானியர் உதவியால் எழுந்த நெடிய புத்தர் சிலை வண்டியிலிருந்து தெரிந்தது. மூதாட்டி கைகூப்பினார். பேரன் அவரைப் பார்த்துத் தானும் கைகூப்பினான். இதற்கிடையில் கிழங்கை எப்போது வாங்கினான், எப்போது உண்டான் என்பது எமக்குத் தெரியாது. வாயோரத்திற் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஹிக்கடுவையில் இறங்கும்போது மூதாட்டி அவன் தலையைத் தடவி, "கிஹின் என்னங்" என்றார். 'போய் வருகிறேன்' என்பதன் நேர்வடிவம் அது. சொல்லுக்குச் சொல் அப்படியே. பிரியும்போது 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது என்ற நம் கூச்சம் அவர்களுக்கும் உண்டு. அந்த வாக்கியத்தில் நமக்குப் பழகிய ஓசையுடைய சொல் ஒன்றுகூட இல்லை.

காலியை அடைந்தபோது மதியமாகிவிட்டது. 'காலி' என்ற பலகையைக் கண்டதும் பேரன், "ஊர் காலியா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. 'வெறுமை' என்று பொருள்படும் காலி, அரபு மொழியிற் பிறந்து, பாரசீகர் இந்துஸ்தானியர் வாயிலாக நம்மிடம் வந்தது. அரேபியாவின் பெரும் பாலைவனத்தை 'ருப் அல் காலி', அதாவது வெற்றுக் காற்கூறு என்கின்றனர். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற இபுனு பதூதா, இந்த ஊரைச் சற்றே வேறுபட்ட வல்லோசைக் ககரத்தால் எழுதினார். அவருக்கு இது வெற்றூராகத் தோன்றியிராது. நம் பேச்சிலே காலி என்றால் போக்கிரியும் ஆவான். பழந்தமிழிலோ காலி என்றால் பசுக்கூட்டம். இங்கேதான் எமக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனெனில், சிங்களத்தில் இவ்வூர்ப் பெயருக்கு மூலமாக ஒரு சாரார் காட்டும் 'கால' என்ற சொல்லுக்கு மாட்டுப்பட்டி என்பது பொருள்! தற்செயலோ, தொடர்போ, அறிஞர் ஆராயட்டும். எமக்கு அத்துணிவு இல்லை.

1505ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கீசருக்கு 'காலோ' என்றால் சேவல். கரைக்கு வந்த வேளையிலே சேவல் கூவக் கேட்டு, அதனால் இவ்வூரை அப்பெயரால் அழைத்தனர் என்பது கதை. கதை பொய்யாயினும் சேவல் மெய்யாயிற்று. 1640இல் ஊரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அச்சேவலை விடவில்லை. பழைய கோட்டை வாயிலின் உட்புறத்திலே, 1669 என்ற ஆண்டோடு, சிங்கங்கள் இரண்டு தாங்கும் அவர்களுடைய கும்பினிச் சின்னத்தின் உச்சியில் இன்றும் ஒரு சேவல் நிற்கின்றது. வெளிப்புறத்தில் ஆங்கிலேயர் தம் இலச்சினையை வைத்தனர். அவர்களுடைய வாயில் இவ்வூர் 'கோல்' என்று ஒலித்தது. செங்கோலா, கன்றடிக்கும் கோலா, பந்தாட்டத்திற் கத்தும் 'கோலா' என்பதைக் கேட்பவர் தம் விருப்பப்படி கொள்ளலாம். பேரன் சேவலை அண்ணாந்து பார்த்து, "இது கூவுமா?" என்றான்.

கொழும்பு நூதனசாலையில் ஒரு கற்பலகை உண்டு. 1911இல் இக்காலி நகரிலே நீர்க்காலொன்றை மூடிக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் காலத்தில், 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியிலும் பொறிக்கப்பட்டது. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் காணிக்கையாக வழங்கியதை அது கூறுகின்றது. சீனப் பகுதியிலே அக்காணிக்கை புத்தபெருமானுக்கு. தமிழ்ப் பகுதியிலே தென்னாவரை நாயினாராகிய திருமாலுக்கு. பாரசீகப் பகுதியிலே இசுலாமியர் வணங்கும் இறைவன் பெயரால். ஒவ்வொரு மொழியாரும் தமக்குரிய பகுதியை மாத்திரம் வாசித்துத் திருப்தியுற்றிருக்கக்கூடும். மூன்றையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்நாளிற் காலியில் இருந்திருந்தால், அவர் என்ன நினைத்திருப்பார் என்று கோட்டை மதிலில் இருந்தவாறு சற்று நேரம் எண்ணிப் பார்த்தோம். வெயில் கடுமையாக இருந்ததால் நீண்ட நேரம் எண்ண இயலவில்லை.

மாலை வண்டியில் திரும்பினோம். அம்பலாங்கொடைக்கு அப்பால், கடதாசிச் சுருள்களில் ஏதோ பொரியலை அடுக்கிய தட்டோடு ஒருவர் வந்தார். பேரன் எம்மைக் கேளாமலே எழுந்து, காலையிற் கற்ற பாடத்தைத் தெளிவாக ஒப்புவித்தான்.

"அல!"

விற்பவர் சிரித்தார். "அல நே, மல்லி. மஞ்ஞொக்கா." மரவள்ளிப் பொரியல். ஒரு சுருள் வாங்கிக் கொடுத்தோம்.

"அப்பம்மா, 'நே' எண்டால் என்ன?"

"இல்லை எண்டு அர்த்தம். 'நே' எண்டு சொந்தக்காரரையும் சொல்லுவினம்" என்றார் எம் இல்லாள்.

"ரெண்டும் ஒரே சொல்லா?"

"ஒரே சொல்லுத்தான்."

கிரேக்கர்கள் 'நே' என்றால் 'ஆம்' என்று பொருள் என்பதையும் சொல்லிவிட நாம் வாயெடுத்தோம். அதற்குள் அவன் பொரியலிற் பாதியை முடித்துவிட்டு, இருண்டுவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.